டீசல் ஹைப்ரிட் காரும் மலைப்பாதைச் செலவும்

ஜவ்வாது மலைமீதுள்ள புதூர்நாட்டிற்குத் திருப்பத்தூரிலிருந்து செல்லும் பாதையை அறிந்த அன்பர்கள், மோட்டார் வண்டிக்கு எண்ணெய் எங்கே செலவாகிறது என்பதைப் பிறர் சொல்லாமலே உணர்ந்திருப்பர். ஏறும்பொழுது எஞ்சின் திணறும். இறங்கும்பொழுது பிரேக் சூடேறும். ஏறுவதற்குச் செலவிட்ட எண்ணெயின் பயன், இறங்கும்பொழுது வெறுஞ் சூடாகக் காற்றில் கலந்து போகிறது. இதை மீட்க வழியில்லையா என்று கேட்போர்க்கு, ஹைப்ரிட் எனப்படும் இருவிசைக் கார் ஒரு விடையாகத் தோன்றுகிறது. அதிலும் டீசல் ஹைப்ரிட் என்றால் சிக்கனத்தின்மேல் சிக்கனம் என்று எண்ணுவது இயல்பே. பிறர் ஓட்டிய அத்தகைய கார் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கினால் சங்க வேலைக்கு உதவாதா என்ற கேள்வியும் அங்கத்தினரிடையே எழக் கூடியதே. அங்கத்தினரின் பங்குத் தொகையைக் கொண்டு வாங்கும் பொருளாதலின், இதனைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கிணற்றில் ஏற்றம் இறைத்ததைக் கண்ட முதியோர்க்கு இதன் தத்துவம் புதிதன்று. ஏற்றமரத்தின் ஒரு முனையில் சால் தொங்கும். மறுமுனையில் கல் கட்டியிருக்கும். வெறுஞ் சாலைக் கிணற்றுக்குள் இறக்கும்பொழுது கல் மேலே செல்லும். நீர் நிறைந்த சால் ஏறும்பொழுது அக்கல் கீழிறங்கித் துணை செய்யும். ஹைப்ரிட் காரில் கல்லின் வேலையை மின்கலம் செய்கிறது. வண்டியின் வேகத்தைத் தணிக்கும்பொழுது சக்கரத்தின் சுழற்சியைக் கொண்டு மின்சாரம் எடுத்துச் சேமித்து, மீண்டும் கிளம்பும்பொழுது அதனைத் திருப்பித் தருகிறது. ஆகவே அடிக்கடி நின்று கிளம்பும் வண்டிக்கே இதனால் ஆதாயம் மிகுதி.

இந்த ஏற்பாட்டை டீசல் எஞ்சினோடு இணைத்துப் பார்த்தவர்கள் உண்டு. பிரான்சு நாட்டின் பேஜோ நிறுவனம் 2012-ஆம் ஆண்டில் டீசல் ஹைப்ரிட் காரை விற்பனைக்குக் கொணர்ந்தது. நம் நாட்டில் 2015 செப்டம்பரில் மாருதி சுசூகி நிறுவனம் சியாஸ் காரிலும், அடுத்த மாதம் எர்டிகா காரிலும் சிறு அளவிலான ஹைப்ரிட் அமைப்பைச் சேர்த்தது. இவ்வண்டிகள் மின்சாரத்தால் மட்டும் ஓடுவன அல்ல. நின்றால் எஞ்சின் தானே அணையும், கிளம்பும்பொழுது மின்விசை சிறிது கைகொடுக்கும், அவ்வளவே. மத்திய அரசு இவற்றுக்கு அளித்து வந்த சலுகை 2017 ஏப்ரல் முதல் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தபொழுது, அந்நிறுவனம் டீசல் கார்களையே கைவிட்டது. இன்று நம் நாட்டில் டீசலும் ஹைப்ரிட்டும் சேர்ந்திருப்பது பெருவிலை வண்டிகளிலேதான்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? டீசல் எஞ்சின் இயல்பிலேயே சிக்கனமுடையது. பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்பொழுது செய்யும் வீண்செலவை அது அந்த அளவுக்குச் செய்வதில்லை. நோய் குறைவாக உள்ளவனுக்கு மருந்தினால் வரும் குணமும் குறைவுதானே! டீசல் எஞ்சினின் விலையோ கூடுதல். புகையைத் தூய்மை செய்யும் கருவிகளின் விலை அதன்மேல். மின்கலமும் மோட்டாரும் அதற்கும் மேல். மேலும் அப்புகைக் கருவிகள் சூடாக இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். எஞ்சினை அடிக்கடி அணைப்பது அதற்கு அனுகூலமன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். சியாஸ் டீசல் கார் சோதனைக் கணக்குப்படி லிட்டருக்கு 26.21 கிலோமீட்டர் ஓடியது. ஹைப்ரிட் அமைப்பு சேர்ந்தபின் 28.09 கிலோமீட்டர் ஆயிற்று. 100 கிலோமீட்டருக்கு மிச்சம் ஏறத்தாழ கால் லிட்டர். ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓடினால் 25 லிட்டர் மிஞ்சும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2,300 ரூபாய். இது சோதனைச் சாலையின் கணக்கு, மலைப்பாதையின் கணக்கன்று.

மலைக் கணக்கையும் பார்த்துவிடுவோம். ஆட்களோடு சேர்த்து 1,500 கிலோ எடையுள்ள கார் 400 மீட்டர் உயரம் ஏறுவதாகக் கொள்வோம். அந்த உயரத்தில் அடங்கியுள்ள ஆற்றல், நம் வீட்டு மின்சாரக் கணக்கில் சொன்னால் 1.6 யூனிட். எஞ்சின் அதனைத் தர அரை லிட்டர் டீசல் வேண்டும். இறங்கும்பொழுது அதில் ஒரு பகுதியைச் சாலையும் காற்றும் எடுத்துக்கொள்ளும். மின்கலத்தில் போட்டு எடுப்பதிலும் கொஞ்சம் கழியும். பாதி மீண்டால் அதுவே பெரிது. முழு ஹைப்ரிட் காரிலும் மின்கலம் ஏறத்தாழ ஒரு யூனிட்டே கொள்ளும். அதையும் முழுதும் நிரப்பி முழுதும் காலி செய்வதில்லை. கலம் நிறைந்தபின் மிஞ்சுவது பழையபடி பிரேக்கில் சூடாகத்தான் போகும். சிறு ஹைப்ரிட்டின் கலமோ இதற்கும் மிகச் சிறியது.

வேறொன்றும் உண்டு. இக்காலத்து டீசல் எஞ்சின், கியரில் இருந்தபடி இறக்கத்தில் உருளும்பொழுது எண்ணெயைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆகவே இறக்கத்தில் சாதாரண வண்டிக்கும் எண்ணெய்ச் செலவு ஏறக்குறைய இல்லை. எண்ணெய் மிச்சம் என்று கருதி நியூட்ரலில் போட்டோ, எஞ்சினை அணைத்தோ இறங்குவோர் மிச்சம் பிடிப்பதுமில்லை; பிரேக்கின் வலுவையும் இழக்கிறார்கள். வளைவுப் பாதையில் அது உயிருக்கே ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்குவதுதான் முறை.

சாமையும் புளியும் தேனும் மலையிலிருந்து இறங்க வேண்டும். உரமும் மளிகையும் ஏற வேண்டும். மலைச் சங்கத்தின் எண்ணெய்ச் செலவு இந்தப் போக்குவரத்தில்தான் இருக்கிறது. போகவர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று கொண்டால் ஒரு நடைக்கு 5 லிட்டர். பாதிப் பாரத்தோடு இரு நடை செல்வதற்குப் பதில் முழுப் பாரத்தோடு ஒரு நடை சென்றால் மிஞ்சுவது சற்றேறக்குறைய ஒரு நடையின் எண்ணெய். மேற்சொன்ன ஹைப்ரிட் அமைப்பு 60 கிலோமீட்டரில் மிச்சம் பிடிப்பதோ 0.15 லிட்டர். ஒரு நடையைத் தவிர்ப்பதால் வரும் ஆதாயத்தை ஹைப்ரிட் ஈட்டுவதற்கு 33 நடை வேண்டும்! டயரில் காற்றைச் சரியாக வைப்பதற்குச் செலவே இல்லை. அதைச் செய்யாமல் புதுவகை வண்டி தேடுவது எமக்கு விளங்கவில்லை.

நெசவாளர் சங்கங்களின் நிலை வேறு. காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு ஜவுளி ஏற்றிச் சென்று, நகர நெரிசலில் கடை கடையாக நின்று கிளம்பும் காருக்கு ஹைப்ரிட் மெய்யாகவே பயன்தரும். ஆனால் அதற்கும் டீசல் வேண்டுவதில்லை. 2022-இல் வந்த கிராண்ட் விடாரா போன்ற பெட்ரோல் முழு ஹைப்ரிட் கார், லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர் என்று சோதனைக் கணக்குத் தருகிறது. பழைய டீசல் ஹைப்ரிட் எட்டிய அளவை அது ஏறத்தாழ எட்டிவிட்டது.

இவ்வளவுக்குப் பின்னும் பழைய டீசல் ஹைப்ரிட் ஒன்று மலிவாகக் கிடைக்குமானால், அதனை நல்லதொரு டீசல் கார் என்றே மதித்து விலை பேசலாம். ஹைப்ரிட் என்ற பெயருக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகத் தரலாகாது. அதற்கான மின்கலம் இன்று எங்கே கிடைக்கும், விலை என்ன, திருப்பத்தூரில் அதனைப் பழுது பார்ப்போர் உண்டா என்பவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்ற வேண்டும்.

படிப்பு வட்டத்தார்க்கு ஒரு கணக்கு: சங்க வண்டி ஆண்டில் 9,000 கிலோமீட்டர் ஓடுகிறது, லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தருகிறது. அதன் ஓட்டத்தில் ஆறில் ஒரு பங்கு வெற்று நடை. அதைப் பாதியாகக் குறைத்தால் எத்தனை லிட்டர் மிஞ்சும்? போட்டுப் பார்த்தபின், இவ்வெண்களை நீக்கித் தத்தம் சங்கத்து ஓட்டக் குறிப்பேட்டின் எண்களை இட்டு மறுமுறை போடுக.