பேட்டரி கிரிப்: விற்கும்போதே பழக்கிக் கொடுக்க வேண்டியவை

சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், போடி வட்டாரத்து ஸ்டுடியோக்களுக்கு வேண்டிய பேட்டரி, செல், ஆல்பம் முதலிய சரக்குகளைப் பிலிம் காலத்திலிருந்தே மொத்தமாகக் கொடுத்து வருகிறோம். இன்று கேமராச் சாமான்களில் எங்களுக்கு அதிகமாகத் திரும்பி வருவது பேட்டரி கிரிப். திரும்பி வருபவற்றில் முக்கால்வாசி பழுதே இல்லாதவை. கடைக்காரர் பெட்டியை மட்டும் கொடுத்து அனுப்பிவிடுகிறார். வாங்கியவர் பட்டனை அமுக்கிப் பார்த்து, "வேலை செய்யவில்லை" என்று மறுநாள் கொண்டு வந்து வைக்கிறார். ஆகவே இச்சரக்கை வைத்திருக்கும் நமது உறுப்பினர்களுக்காகச் சில விவரங்கள்.

பிலிம் காலத்தில் நிக்கான் எஃப்எம்2 கேமராவுக்கு அடியில் எம்டி-12 என்ற மோட்டார் டிரைவை மாட்டுவார்கள். எட்டுப் பென்சில் செல் போட வேண்டும். பிலிமை அதுவே இழுத்து விடும். இப்போது இழுக்கப் பிலிம் இல்லை. ஆனால் அதே இடத்தில் மாட்டும் கிரிப்புக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, பேட்டரி ஒன்றுக்கு இரண்டாக ஓடும். மற்றொன்று, கேமராவை நிறுத்திப் பிடித்துப் படம் எடுக்கும்போது கைக்கு எட்டும் இடத்தில் இன்னொரு ஷட்டர் பட்டன் கிடைக்கும். மாப்பிள்ளை பெண்ணை முழு உருவமாக எடுக்கும்போது கிரிப் இல்லாதவர் வலது முழங்கையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். அதிகாலை முகூர்த்தம் தொடங்கி மதியப் பந்தி வரை அப்படி நின்றால் கை நடுங்கத்தானே செய்யும்?

முதலில் மாட்டும் முறை. கேமராவை அணைத்துவிட்டே மாட்ட வேண்டும். கேனன், சோனி வகைகளில் கேமராவில் உள்ள பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரி மூடியையும் கழற்ற வேண்டும். கிரிப்பின் நீண்ட மூக்கு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்காரும். பேட்டரி இரண்டும் கிரிப்புக்குள் இருக்கும். கழற்றிய மூடியைக் கிரிப்பிலேயே சொருகி வைக்க இடம் விட்டிருக்கிறார்கள். இதை அவசியம் காட்டிக் கொடுங்கள். மூடியைத் தொலைத்துவிட்டால், கிரிப்பைக் கழற்றிய அன்று கேனன் கேமரா ஓடாது. நிக்கான் டி700 போன்றவற்றுக்கு வரும் எம்பி-டி10 வேறு மாதிரி. கேமராவின் பேட்டரி உள்ளேயே இருக்கும், கிரிப்பில் இன்னொன்று போடலாம். கேமராவின் அடியில் உள்ள சிறிய ரப்பர் மூடியை மட்டும் எடுத்துக் கிரிப்பில் அதற்கென உள்ள குழியில் பத்திரப்படுத்த வேண்டும். எந்த வகையானாலும் திருகு சக்கரத்தை இறுக்கியபின் ஒரு தடவை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பகல் முழுதும் தோளில் தொங்கினால் திருகு இளகும். இளகினால் மின் தொடர்பு விட்டுப்போய்க் கேமரா திடீரென்று அணைந்துவிடும். தாலி கட்டும் நேரத்தில் அது நடந்தால் அந்தப் படத்தை மறுபடி எடுக்க வழியில்லை. ஸ்டுடியோக்காரர் கோபம் நேராக நமது கடைக்குத்தான் வரும்.

அடுத்தது பட்டன்கள். "வேலை செய்யவில்லை" என்று வருபவற்றில் பாதிக்கு மேல் இந்தப் பூட்டு விஷயம்தான். கிரிப்பின் பட்டன்களுக்கென்று தனியாக ஒரு பூட்டு உண்டு. கேனனில் கிரிப்பின் மேலேயே ஆன், ஆஃப் என்று ஒரு சிறு ஸ்விட்ச். நிக்கானில் ஷட்டர் பட்டனைச் சுற்றியுள்ள வளையத்தை எல் என்ற எழுத்துக்கு நேரே திருப்பினால் பூட்டிக்கொள்ளும். பூட்டு எதற்கு என்று வாங்குபவர் கேட்பார். கேமராவைப் படுக்கையாகப் பிடிக்கும்போது உள்ளங்கை கிரிப் பட்டனில் பட்டு, வேண்டாத படம் விழும். ஆகவே நிறுத்திப் பிடிக்கும்போது பூட்டைத் திறப்பதும், படுக்கையாகத் திருப்பியதும் பூட்டுவதும் விரலுக்குப் பழக வேண்டும். கவுண்டரிலேயே நாலைந்து தடவை செய்யச் சொல்லுங்கள்.

ஷட்டர் தவிர, வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் சக்கரமும், ஃபோகஸ் பட்டனும் பெரும்பாலான கிரிப்பில் உண்டு. ஃபோகஸ் புள்ளியை நகர்த்தும் குமிழ் எல்லாவற்றிலும் இராது. கேனன் 5டி மார்க் 2-க்கு வந்த பிஜி-இ6-இல் கிடையாது. மார்க் 3-க்கு வந்த பிஜி-இ11-இல் உண்டு. இன்னும் ஒன்று: நிக்கான் இசட்6, இசட்7 கேமராக்களுக்கு வந்த எம்பி-என்10-இல் ஒரு பட்டன்கூடக் கிடையாது, வெறும் பேட்டரிப் பெட்டிதான். பட்டனோடு கூடிய எம்பி-என்11, 2020-இல் வந்த அடுத்த மாடல்களுக்குத்தான் பொருந்தும். இதைச் சொல்லாமல் விற்றால் சரக்கு திரும்பி வருவது நிச்சயம்.

கிரிப் மாட்டினால் கேமரா வேகம் கூடும் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் அது பொருந்தாது. டி700 தனியாக நொடிக்கு 5 படம் எடுக்கும். எம்பி-டி10-இல் எட்டுப் பென்சில் செல்லோ, பெரிய இஎன்-இஎல்4ஏ பேட்டரியோ போட்டால் 8 படம். அதே கிரிப்பில் கேமராவின் சாதாரணப் பேட்டரியைப் போட்டால் பழைய 5 படம்தான். கல்யாணத்துக்கு நொடிக்கு 8 படம் எதற்கு என்பது எங்கள் கேள்வி. ஆல்பத்தில் போடுவது ஒன்றுதானே.

பென்சில் செல் போடுகிறவர் எட்டையும் ஒரே வகையாக, ஒரே சமயத்தில் வாங்கியதாகப் போட வேண்டும். எந்த வகைச் செல் என்பதை நிக்கானின் மெனுவில் குறிக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பேட்டரி அளவு தப்பாகக் காட்டும். எந்தப் பேட்டரி முதலில் தீர வேண்டும் என்பதையும் அங்கேயே வைக்கலாம். கிரிப்பில் உள்ளது முதலில் என்று வைப்பதே நல்லது. மேகமலைக்கு மார்கழியில் படம் எடுக்கப் போகிறவருக்கு அல்கலைன் செல்லைக் கொடுக்காதீர்கள், குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். ரீசார்ஜ் செல் கொடுங்கள். வீரபாண்டித் திருவிழா வெயிலில் நேர்மாறான சங்கடம்: பேட்டரிகளைப் பூட்டிய காருக்குள் விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று சொல்லி அனுப்புங்கள்.

பேட்டரி விற்பனையில் ஓர் அடையாளம் தெரிந்திருக்கட்டும். சோனியின் என்பி-எஃப்இசட்100 அசல் பேட்டரி 2280 மில்லி ஆம்பியர் ஹவர். கேனன் எல்பி-இ6என் 1865. அதே அளவுப் பெட்டியில் 3000-க்கு மேல் அச்சிட்டு மலிவாக வந்தால் நாங்கள் கொள்முதல் செய்வதில்லை. இரண்டு பேட்டரியில் ஒன்று அசல், ஒன்று மலிவு என்று கலந்து போடுவதையும் நாங்கள் சிபாரிசு செய்வதில்லை.

கையிருப்பு விஷயத்தில் கஞ்சத்தனம் நல்லது. கிரிப் என்பது ஓரிரு மாடலுக்கு மட்டுமே பொருந்தும் சரக்கு. சோனி ஏ7 மார்க் 3-க்கு விஜி-சி3இஎம், மார்க் 4-க்கு விஜி-சி4இஎம். பேட்டரி இரண்டுக்கும் ஒன்றே, கிரிப் வேறு. "ஏ7 கிரிப் ஒன்று அனுப்புங்கள்" என்று போனில் சொன்னால் நாங்கள் அனுப்ப மாட்டோம்; கேமராவின் அடியில் உள்ள மாடல் எண்ணைப் படித்துச் சொல்லச் சொல்வோம். மாடல் மாறியதும் பழைய கிரிப்பில் போட்ட முதல் முடங்கிவிடும். ஓடும் மாடலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைப்பது என்பதே எங்கள் வழக்கம். பில்லில் கிரிப் எண்ணோடு கேமரா எண்ணையும் எழுதி, மாட்டிக் காட்டியதற்கு வாங்குபவரிடம் ஒரு கையெழுத்தும் பெறுகிறோம்.