பல்லாவரத்து நாட்குறிப்பு

ஒருவர் தம் வாழ்வில் நிகழ்வனவற்றையும், அவை குறித்துத் தம் உள்ளத்தில் எழுவனவற்றையும் நாள்தோறும் எழுதிவைக்கும் ஏடு நாட்குறிப்பு எனப்படும். அரசர்கள் கல்லிலும் செப்பேட்டிலும் பொறித்தவை பிறர் படிக்க வேண்டும் என்று பொறித்தவை. ஆதலின் அவற்றில் வெற்றியும் கொடையும் மட்டுமே பேசப்படும். நாட்குறிப்பு அத்தகையது அன்று. அதில் நாட்டின் பெருநிகழ்ச்சியும் இருக்கும். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டதும் இருக்கும். எழுதியவரின் நல்லெண்ணத்தோடு அவருடைய சினமும் அச்சமும் பொறாமையும் ஒருங்கே காணப்படும்.

இங்கிலாந்தில் சாமுவேல் பீப்ஸ் என்பவர் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார். பிறர் எளிதிற் படித்துவிடலாகாது என்று அதனைச் சுருக்கெழுத்தில் எழுதினார். 1666-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகர் தீக்கிரையான காட்சியை அவ்வேட்டிற் காணலாம். அவர் தம் மனைவியோடு பூசலிட்ட செய்தியையும் அதே ஏட்டிற் காணலாம்.

தமிழில் இத்துறையில் முதற்கண் நினைக்கத்தக்கவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709-ஆம் ஆண்டில் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்த இவர், புதுச்சேரியில் வணிகராய் உயர்ந்து, பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயிடம் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்பதற்கு இரு மொழி வல்லவர் என்பது பொருள். 1736-ஆம் ஆண்டு தொடங்கி, 1761-இல் தாம் இறக்கும் நாளை ஒட்டியும் இவர் எழுதிய நாட்குறிப்பில் கப்பல்களின் வரவு, சரக்கின் விலை, போர்ச் செய்தி, சோதிடர் கூற்று ஆகிய யாவும் இடம்பெற்றுள்ளன. ஆளுநரின் மனைவியார் அரசியலில் தலையிடுவது பிள்ளைக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அதனை ஆளுநரின் முகத்துக்கு எதிரே சொல்ல இயலுமா? இயலாது. ஆகவே நாட்குறிப்பிற் கொட்டித் தீர்த்தார். பகலெல்லாம் இரு மொழிகளுக்கு நடுவே நின்றவர், தம் மனத்தைத் திறக்கும்போது தமிழைத் தேர்ந்தார். அது புலவர் தமிழ் அன்று. பிறமொழிச் சொற்கள் பலவும் விரவிய அக்காலப் பேச்சுத் தமிழ்.

இதற்கு நேர்மாறான ஒரு நாட்குறிப்பு, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் கழித்துச் சென்னையின் தென்புறத்திற் பல்லாவரத்தில் வளர்ந்தது. அதனை எழுதியவர் தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை எனப் போற்றப்படும் மறைமலையடிகள். எழுதிய மொழியோ ஆங்கிலம்.

அடிகள் 1876-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15-ஆம் நாள் நாகப்பட்டினத்தில் சொக்கநாத பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகனாய்த் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் வேதாசலம். அவ்வூர் வெசுலியன் மிசன் பள்ளியிற் பயின்றுகொண்டிருந்தபோது தந்தையார் இறந்தமையால் படிப்பு இடையில் நின்றது. பள்ளி நின்றதேயன்றிக் கல்வி நிற்கவில்லை. புத்தகக் கடை வைத்திருந்த நாராயணசாமிப் பிள்ளை என்னும் புலவரிடம் தமிழ் நூல்களைப் பாடங்கேட்டார். ஆங்கிலத்தையும் வடமொழியையும் தம் முயற்சியாலேயே வளர்த்துக்கொண்டார். பட்டம் எதுவும் பெறாத அவர், 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அங்கே அவருடன் பணியாற்றியவர், பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட வி. கோ. சூரியநாராயண சாத்திரியார். நாட்குறிப்பு எழுதும் வழக்கம் அடிகளுக்கு இந்த 1898-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. 1950-இல் அவர் மறையும் வரை அது நீடித்தது. எழுதத் தொடங்கியபோது அவருக்கு அகவை இருபத்திரண்டு. முடிந்தபோது எழுபத்து நான்கு.

கல்லூரிப் பணி பதின்மூன்று ஆண்டுகள் நடந்தது. பின்னர்ப் பட்டப்படிப்பிலே தமிழ் கட்டாயப் பாடமாக இராது என்னும் நிலை வந்தது. தமிழாசிரியர்க்கு வேலை குறைந்தது. 1911-ஆம் ஆண்டில் அடிகள் கல்லூரியை விட்டு நீங்கினார். மனைவி மக்களோடு பெருங்குடும்பம் நடத்தியவர் திங்கள்தோறும் வந்த ஊதியத்தைத் துறந்து, சென்னைக்குப் புறத்தே ஒரு சிற்றூரிற் குடியேறுவது எளிய செயலன்று. அவ்வாண்டிலேயே துறவுக்கோலமும் பூண்டார். துறவியானாலும் இல்லத்திலிருந்தே தம் பணிகளைச் செய்தார், மக்களைப் படிக்கவைத்தார். இதனைக் குறை கூறினாரும் அக்காலத்தில் இருந்தனர்.

பல்லாவரம் அந்நாளில் நகரத்தின் பகுதியன்று. மலையும் வயலும் சூழ்ந்து, சென்னையிலிருந்து இருப்புப்பாதை வழியே சென்றடையும் ஊர். இதன் தொன்மை வியக்கத்தக்கது. மகேந்திரவர்ம பல்லவன் குடைவித்த குகைக்கோயில் ஒன்று இங்கு உண்டு. இராபர்ட் புருசு பூட்டு என்னும் நிலநூல் அறிஞர், பழங்கற்கால மனிதனின் கற்கருவியை 1863-இல் இவ்வூரிலேதான் கண்டெடுத்தார். கருவி செய்யக் கற்ற மனிதனின் அடிச்சுவட்டுக்கு அருகே, எழுதுகோலைத் தவிர வேறு கருவி இல்லாத ஒருவர் வந்து குடியேறினார்.

அங்கே அவருடைய நாட்கள் கழிந்த வகை எளியது. படிப்பது, எழுதுவது, எழுதியதை அச்சிடுவது, அழைத்த ஊர்களுக்குச் சென்று பேசுவது. சொற்பொழிவின் பொருட்டு இலங்கைக்கும் பன்முறை சென்றார். 1902-இல் தாம் தொடங்கிய ‘ஞானசாகரம்’ என்னும் திங்களிதழைப் பின்னர் ‘அறிவுக்கடல்’ என்று பெயர் மாற்றி நடத்தினார். அதில் வந்தவற்றுட் பெரும்பகுதி அவர் எழுதியவையே. ஒருவரே எழுதி, ஒருவரே பார்வையிட்டு, சந்தா செலுத்துவோரை நம்பி நடத்தும் இதழ் நாள் தவறாமல் வருவது அரிது. ‘ஞானசாகரமும்’ அவ்வாறே நின்று நின்று வந்தது. ஆங்கிலத்தில் அடிசன் என்பவர் 1711-இல் தம் நண்பர் சிடீலுடன் ‘பார்வையாளர்’ என்னும் பொருளுடைய ஓர் இதழைத் தொடங்கி, அன்றாட வாழ்வைக் குறித்துச் சிறு சிறு கட்டுரைகள் எழுதினார். அடிகளுக்கு அவர்பால் பெருவிருப்பம் உண்டு. அடிசனின் கட்டுரைகள் சிலவற்றைத் தமிழாக்கி ‘சிந்தனைக் கட்டுரைகள்’ என்னும் நூலில் மாணவர்க்காக வெளியிட்டார்.

அடிகள் கருத்துரைக்காத துறை இல்லை எனலாம். பட்டினப்பாலை, முல்லைப்பாட்டு ஆகியவற்றை ஆராய்ந்தார். மாணிக்கவாசகரின் காலத்தை ஆராய்ந்தார். அவற்றோடு நில்லாமல், எதை உண்ணலாம் என்பது பற்றியும், நூறாண்டு வாழ்வது எங்ஙனம் என்பது பற்றியும், இறந்தபின் மனிதர் நிலை பற்றியும், பிறர் மனத்தைக் கவரும் வகை பற்றியும் நூல்கள் இயற்றினார். இவற்றுட் சில இன்றைய மருத்துவ அறிவுக்கும் அறிவியலுக்கும் முன் நிற்கமாட்டா. சாதி வேற்றுமையைக் கடிந்து எழுதிய அவரே, ஒரு குலத்தாரின் நாகரிகத்தைத் தனியே போற்றி நூல் செய்தமையும் சிந்திக்கத்தக்கது. தாம் எண்ணியதை மறையாது எழுதுவோரின் எழுத்தில் இத்தகைய முரண்பாடுகள் வெளிப்படுதல் இயல்பு.

பல்லாவரம் இல்லத்தில் அவருடைய கருத்துக்களுள் ஒன்று நாட்டையே அசைத்தது. 1916-ஆம் ஆண்டில் ஒரு நாள் அடிகள் தம் மகள் நீலாம்பிகையுடன் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். அப்போது இராமலிங்க அடிகளின் பாட்டொன்றைப் பாடினார். அதில் ‘தேகம்’ என்ற சொல் வந்தது. அவ்விடத்தில் ‘யாக்கை’ என்னும் தமிழ்ச்சொல் நின்றிருப்பின் பாட்டின் சுவை இன்னும் மிகுந்திருக்குமே என்று மகளிடம் கூறினார். தந்தையும் மகளும் அன்றுமுதல் பிறமொழிச் சொல் கலவாது பேசவும் எழுதவும் உறுதிகொண்டனர். ஒரு சொல்லைப் பற்றிய சிறு பேச்சிலிருந்து தனித்தமிழ் இயக்கம் பிறந்தது.

மாற்றம் முதலில் வீட்டிலேயே தொடங்கிற்று. ‘வேதம்’ மறையாயிற்று, ‘அசலம்’ மலையாயிற்று, சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். அவர் நிறுவிய ‘சமரச சன்மார்க்க நிலையம்’ ‘பொதுநிலைக் கழகம்’ ஆயிற்று. மக்களின் பெயர்களும் மாறின: திருஞானசம்பந்தம் அறிவுத்தொடர்பு ஆனார், மாணிக்கவாசகம் மணிமொழி ஆனார், சுந்தரமூர்த்தி அழகுரு ஆனார், திரிபுரசுந்தரி முந்நகரழகி ஆனார். இப்பெயர்களைக் கேட்டு அக்காலத்துக் கற்றோர் சிலர் நகைத்தனர். இன்று படிப்பவர்க்கும் ஓரிரண்டு பெயர்கள் புன்முறுவலை வருவிக்கக்கூடும். ஆயினும் அந்நாளில் மேடைகளில் ‘அக்கிராசனர்’, ‘உபந்நியாசம்’, ‘நமஸ்காரம்’ என்று வழங்கிய இடங்களில் இன்று ‘தலைவர்’, ‘சொற்பொழிவு’, ‘வணக்கம்’ என்பவை தாமே வந்து நிற்கின்றன. அவற்றைச் சொல்லுவார் எவரும் தாம் புதுமை செய்வதாக எண்ணுவதில்லை. நகைத்தவர்களின் பேரர்களும் இச்சொற்களையே வழங்குகின்றனர்.

பெயரும் நடையும் மாறிய அந்த ஆண்டிலும் நாட்குறிப்பின் மொழி மாறவில்லை. வேதாசலம் ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கிய ஏட்டை மறைமலையடிகளும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். இஃது எவ்வாறு பொருந்தும்?

வழக்கத்தின் வலிமை ஒரு காரணமாகலாம். பள்ளியை இடையில் விட்ட இளைஞர் ஒருவர், ஆங்கிலம் கற்றோரே மதிக்கப்பட்ட ஒரு கல்லூரியில் நுழைகிறார். நாள்தோறும் சில வரிகள் ஆங்கிலத்தில் எழுதுவது அம்மொழியிற் கைதேர்வதற்கு நல்ல பயிற்சி. பழகிய கை அவ்வழியே சென்றிருக்கலாம். ஆனால் அதனினும் ஆழ்ந்த காரணம் ஒன்று அவர் கொள்கையிலேயே காணக்கிடைக்கிறது. அடிகள் எம்மொழியையும் வெறுத்தவர் அல்லர். காளிதாசரின் சாகுந்தலத்தை வடமொழியிலிருந்து பெயர்த்தவர் அவரே. தம் தமிழ் நூல்களுக்கு ஆங்கிலத்தில் நீண்ட முன்னுரைகள் வரைந்தவரும் அவரே. அவர் மறுத்தது கலப்பை. தமிழ் எழுதினால் முழுதும் தமிழாக இருத்தல் வேண்டும். ஆங்கிலம் எழுதினால் முழுதும் ஆங்கிலமாக இருத்தல் வேண்டும். இந்நோக்கிற் பார்த்தால் அவருடைய நாட்குறிப்பு அவர் கொள்கைக்கு மாறானதன்று. 1937-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கும் முயற்சி எழுந்தபோது அவர் எதிர்த்துப் பேசியதும் எழுதியதும் இவ்வகையில் விளங்கும். நீலாம்பிகை அம்மையார் 1938-இல் சென்னையில் நடைபெற்ற தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாட்டுக்குத் தலைமை தாங்கி அவ்வெதிர்ப்பில் முன்னின்றார்.

இவ்விடை யாவர்க்கும் நிறைவு தருவதன்று. எல்லாப் பொருளையும் தமிழிற் சொல்ல முடியும் என்று நாட்டுக்குக் காட்டியவர், தம் உள்ளத்தோடு தாம் பேசும் பேச்சை மட்டும் ஏன் தமிழிற் பேசவில்லை என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. துபாஷியாக வாழ்ந்த பிள்ளை கலப்புத் தமிழில் தம் மனத்தைத் திறந்தார். தனித்தமிழின் காவலர் ஆங்கிலத்தில் திறந்தார். வரலாறு எழுதுவோர்க்கு இவ்விரண்டுமே பெருஞ்செல்வம். அடிகளின் மகனார் மறை. திருநாவுக்கரசு 1959-இல் தந்தையாரின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். பிற்கால ஆராய்ச்சியாளர்களும் அடிகளின் நாட்குறிப்பை நாடிச் செல்கின்றனர். அடிகள் படித்த நூல்கள், எழுதிய பகுதிகள், கண்ட மனிதர்கள், வீட்டில் நேர்ந்த இன்பதுன்பங்கள் ஆகியவை அங்கேதான் கிடைக்கின்றன.

அடிகள் விட்டு நீங்கிய கிறித்தவக் கல்லூரி பின்னொரு நாள் அவர் இருந்த திசை நோக்கியே வந்தது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்தொடர்வண்டி 1931-இல் ஓடத் தொடங்கியது. கல்லூரி 1937-இல் நகரின் நெரிசலை விட்டுத் தாம்பரத்தில் மரங்கள் அடர்ந்த பரந்த நிலத்துக்கு இடம் மாறியது. பல்லாவரத்திலிருந்து எண்ணினால் தாம்பரம் மூன்றாம் நிலையம். இன்று பல்லாவரம் 2021-இல் அமைந்த தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கியுள்ளது. சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பாலம் என்று பெயர். தாம்பரத்துக்குத் தெற்கே செங்கற்பட்டுச் சாலையில் மறைமலை நகர் இருக்கிறது.

1950-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் அடிகள் மறைந்தார். ஏறத்தாழ நாலாயிரம் நூல்கள் அடங்கிய ‘மணிமொழி நூல்நிலையம்’ அவ்வீட்டில் இருந்தது. ஊதியமின்றி வாழ்ந்த நாற்பதாண்டுகளில் அவர் தேடிச் சேர்த்த பெருஞ்சொத்து அதுவே. அதனை மக்களுக்குப் பயன்படுமாறு விட்டுச் சென்றார். தென்னிந்திய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தார் அந்நூல்களைக் கொண்டு 1958-இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையத்தைத் திறந்தனர்.