பலகைக்குப் பின்னால் இருப்பதைக் கவனியுங்கள்: படப்பை வீடுகளுக்கு ஓவன் குறிப்புகள்

வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில், படப்பையைச் சுற்றி எழுந்திருக்கும் புதிய அடுக்குமாடிகளில் மாடுலர் கிச்சனோடு ஓவனையும் பதித்தே கொடுக்கிறார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளுக்கு வேலைக்கு வந்து இங்கே குடியேறிய பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் ஓவன். ஆலையில் ஒரு மெஷினைத் திறப்பதற்கு முன் கரண்டைத் துண்டித்து, பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை தொங்கவிடுவது அவர்களுக்குக் கைவந்த பழக்கம். வீட்டு ஓவனும் அந்த மரியாதையைக் கேட்கும் மெஷின்தான். மேடை மேல் வைக்கிற ஓ.டி.ஜி.யில் வயர், பிளக், சூடு எல்லாம் கண்ணுக்குத் தெரியும். பதித்த ஓவனில் கவனிக்கவேண்டிய பகுதி முழுவதும் பலகைக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அதனால் கேக் செய்முறைக்கு முன்னால் வயரிங்கில் தொடங்குகிறேன்.

1. ஓவனுக்குத் தனி லைன் வேண்டும். பதித்த ஓவன்கள் பெரும்பாலும் 2000 முதல் 3500 வாட் வரை இழுக்கும். 3000 வாட் ஓவன் 230 வோல்ட்டில் 13 ஆம்பியர் எடுக்கும். மிக்ஸிக்குப் போட்ட 6 ஆம்பியர் பாயின்ட்டில் மாட்டினால் வயர் சுவருக்குள்ளேயே சூடேறும். புகை வரும்வரை யாருக்கும் தெரியாது. மெயின் போர்டிலிருந்து நேராக வரும் லைன், அதற்கென ஓர் எம்.சி.பி., 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 16 ஆம்பியர் பாயின்ட் என்று கேட்டுப் போடுங்கள். வயரில் ஐ.எஸ். 694, பிளக்கிலும் சாக்கெட்டிலும் ஐ.எஸ். 1293 என்ற முத்திரை எண்ணைப் பாருங்கள். உங்கள் மாடலின் கையேடு இதைவிடக் கூடுதலாகக் கேட்டால் அதுவே சரி. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

2. சாக்கெட் ஓவனுக்கு நேர் பின்னால் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பக்கத்து அலமாரிக்குள், கைக்கு எட்டும் இடத்தில் ஸ்விட்சோடு இருக்கவேண்டும். ஆபத்து நேரத்தில் ஓவனைப் பெயர்த்தெடுத்துப் பிளக்கைப் பிடுங்க முடியாது. அங்கே இருந்தால் இன்னொரு வசதியும் உண்டு: அரை மணி நேரம் ஓவன் ஓடி, ஸ்விட்சை அணைத்த பிறகு பிளக்கைத் தொட்டுப் பார்க்கலாம். வெதுவெதுப்பு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடோ, பழுப்பு நிறமோ, கருகல் வாடையோ இருந்தால் எலக்ட்ரீஷியன் வரும்வரை ஓவனைத் தொடாதீர்கள்.

3. எர்த் விஷயத்தில் சமாதானமே கிடையாது. "லேசாத்தான் ஷாக் அடிக்குது" என்று செருப்புப் போட்டுக்கொண்டு சமைக்கும் வீடுகள் உண்டு. அந்த லேசான விறுவிறுப்பு, ஓவன் உடம்புக்குக் கரண்ட் கசிகிறது என்பதற்கும் எர்த் வேலை செய்யவில்லை என்பதற்கும் சாட்சி. ஈரக் கையோடு தொடுகிற நாளில் அது லேசாக இருக்காது. மெயின் போர்டில், கரண்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள், அழுத்தியதும் விழவேண்டும்.

மழைக்காலத்தில் அடிக்கடி வரும் ஒரு சந்தேகம்: மாதக்கணக்கில் தொடாத ஓவனைப் போட்டதும் ஆர்.சி.சி.பி. விழுகிறது. ஹீட்டர் கம்பிக்குள் இருக்கும் வெள்ளைத் தூள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டால் இப்படி ஆகும். ஹீட்டர் பழுதானாலும் இப்படித்தான் விழும். எது என்று சோதித்துச் சொல்வது மெக்கானிக்கின் வேலை. ஆர்.சி.சி.பி.யைக் கழற்றிவிட்டு நேரடியாக லைன் கொடுக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். ஓவனை மாதம் ஒருமுறையாவது கொஞ்ச நேரம் ஓடவிட்டால் இந்தத் தொல்லை குறையும்.

4. ஆசாரியிடம் ஓவனின் அகலம், உயரம் மட்டும் சொன்னால் போதாது. கையேட்டில் இருக்கும் பொருத்தும் படத்தையே கையில் கொடுங்கள். அதில் பின்பக்கப் பலகையை எங்கே வெட்டவேண்டும், மேலும் கீழும் எவ்வளவு காற்றுச் சந்து விடவேண்டும் என்பதெல்லாம் இருக்கும். கரப்பான் நுழைகிறது, பார்க்க நன்றாக இல்லை என்று அந்தச் சந்தை அடைத்துவிடுகிறார்கள். அடைத்தால் கூலிங் ஃபேன் சூடான காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். எலக்ட்ரானிக் போர்டு சீக்கிரம் போகும், பக்கத்து லாமினேட் உரியும். பூச்சி தொல்லைக்குச் சந்தின் வாயில் உலோக வலை பொருத்துங்கள், காற்று போகட்டும். பெட்டிக்கு ஐ.எஸ். 710 பிளைவுட் நல்லது. ஒட்டும் பசையும் லாமினேட்டும் 90 டிகிரி செல்சியஸ் வரை தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

5. ஓவன் கதவைத் திறந்து பக்கச் சட்டத்தைப் பாருங்கள். பெட்டியோடு இணைக்கும் திருகுகள் தெரியவேண்டும். அவை இல்லாமல் சும்மா தள்ளி வைத்திருந்தால், கனமான டிரேயை இழுக்கும்போது ஓவனே முன்னால் சாயும்.

6. மேலே காஸ் ஹாப், கீழே ஓவன் என்று அமைந்த சமையலறையா? அப்படியானால் காஸ் ட்யூப் எந்த வழியாகப் போகிறது என்று இன்றே குனிந்து பாருங்கள். ஓவனுக்குப் பின்னால் உரசிக்கொண்டு போனால் உடனே வழியை மாற்றவேண்டும். சுரக்ஷா ட்யூபை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஆனால் பலகைக்குப் பின்னால் போன ட்யூபின் தேதியை யாரும் பார்ப்பதில்லை. காஸ் கசிவுக்கு அழைக்கவேண்டிய எண் 1906. காஸ் வாடை வந்தால் ஓவன் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து அழையுங்கள்.

7. முதல் நாளே கேக் வைக்காதீர்கள். உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர், தெர்மாகோல் துண்டு, பிளாஸ்டிக் உறை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அதிகபட்சச் சூட்டில் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காலியாக ஓடவிடுங்கள். தயாரிப்பில் படிந்த எண்ணெய் புகைந்து போய்விடும்.

8. கரண்ட் போய் வந்த பிறகு ஓவன் வேலை செய்யவில்லையா? மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கடிகாரத்தைப் பாருங்கள். பல மாடல்களில் பூஜ்ஜியங்கள் மின்னிக்கொண்டிருக்கும். நேரத்தைச் சரியாக வைத்தால்தான் ஓவன் சூடாகும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓவன் ஓடாது. குடியிருப்பின் ஜெனரேட்டரில் வீட்டுக்கு எவ்வளவு வாட் அனுமதி என்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் லைட், ஃபேன், ஃபிரிட்ஜுக்கு மட்டும்தான் வரும்.

9. சமையல் முடிந்ததும் சுவர் ஸ்விட்சை உடனே அணைக்காதீர்கள். கூலிங் ஃபேன் தானாக நிற்கும்வரை விடுங்கள். நல்ல எண்ணத்தில் செய்கிற இந்த மின் சிக்கனம் போர்டைத்தான் பலி வாங்குகிறது. சிக்கனம் வேண்டுமென்றால் நேரம் முடிய 5, 10 நிமிடம் இருக்கும்போதே குமிழைத் திருப்பி ஹீட்டரை அணையுங்கள்; மிச்சச் சூட்டில் வேகும்.

10. ஓவன் அலமாரி அல்ல. முறுக்கு டின், தோசைக்கல், ரொட்டிப் பாக்கெட் என்று உள்ளே அடுக்கி வைத்திருப்பதை மறந்துவிட்டு முன்சூடு போட்டால் பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். மழை நாளில் பள்ளிக்கூட சாக்ஸை உள்ளே காயப்போடுவதும் அதே ஆபத்துதான். ஸ்விட்ச் போடும் முன் கதவைத் திறந்து பார்ப்பதை வீட்டில் எல்லோருக்கும் விதியாக்குங்கள்.

11. இந்த வட்டாரத்துக்கென்றே ஒரு குறிப்பு. ஆலையில் கொடுக்கும் கையுறைகள் பல வீடுகளில் இருக்கும். உள்ளங்கையில் ரப்பரோ நைட்ரைலோ பூசிய அந்தக் கையுறையால் சூடான டிரேயைப் பிடிக்காதீர்கள். வெட்டுக்காயத்துக்கும் எண்ணெய்க்கும் எதிராகச் செய்த பூச்சு 200 டிகிரியைத் தாங்காது. ஓவனுக்கென்று விற்கும், மணிக்கட்டைத் தாண்டும் தடித்த பருத்திக் கையுறை வாங்குங்கள். அதுவும் ஈரமாக இருந்தால் சூடு நொடியில் உள்ளே பாயும்.

12. பாத்திரங்கள். 'மைக்ரோவேவில் வைக்கலாம்' என்று போட்டிருக்கும் பிளாஸ்டிக்கை ஓவனில் வைக்கக் கூடாது. இரண்டின் சூடும் வேறு வேறு. மெலமைன் தட்டும் வேண்டாம். எவர்சில்வர் நல்லது, பிளாஸ்டிக் பிடியோ ரப்பர் வளையமோ இல்லாதவரை. நான்-ஸ்டிக் பாத்திரத்தை 260 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் பூச்சு சிதைந்து நச்சுப்புகை வரும். போரோசிலிகேட் கண்ணாடிப் பாத்திரமானாலும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து நேராக உள்ளே வைக்காதீர்கள். மண்சட்டியை ஓவன் குளிர்ந்திருக்கும்போதே வைத்து, ஓவனோடு சேர்ந்து சூடேறவிடுங்கள். சூடான ஓவனில் திடீரென வைத்தால் விரிசல் நிச்சயம்.

13. ஓவனின் அடித்தளத்தில் அலுமினிய ஃபாயில் விரிக்காதீர்கள். கீழ் ஹீட்டரின் சூடு தேங்கி எனாமல் வெடிக்கும். வழியும் என்று பயந்தால் கீழ்க் கம்பித்தட்டில் ஒரு காலி டிரே வையுங்கள். புளி, எலுமிச்சை, தயிர் சேர்த்து ஊறவைத்த மீனையும் கோழியையும் ஃபாயிலில் நேரடியாகச் சுற்றாமல் நடுவில் பட்டர் பேப்பர் வையுங்கள். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும்.

14. செய்முறைப் புத்தகத்தில் 350 ஃபாரன்ஹீட் என்றிருந்தால் சுமார் 180 செல்சியஸ். ஃபேன் ஓடும் முறையில் 20 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள். கேக் நடுத்தட்டில். கோழியின் தடித்த இடத்தில் 74 டிகிரி எட்டினால் வெந்தது. இதற்கு ஒரு சிறிய உணவு வெப்பமானி வாங்குவது வீண்செலவே அல்ல.

15. கதவுக் கண்ணாடி. ஸ்ரீபெரும்புதூர் செயின்ட் கோபேன் ஆலையில் வேலை பார்க்கும் யாராவது பக்கத்து வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள், அழகாக விளக்குவார்கள். ஓவன் கதவில் இருப்பது டெம்பர்டு கண்ணாடி. கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, காற்றைப் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பார்கள். மேற்பரப்பு இறுகி, உள்பகுதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். அதனால் நடுவில் அடி விழுந்தால் தாங்கும். விளிம்பில் சின்னச் சேதமோ ஆழமான கீறலோ விழுந்தால், பிறகு ஏதோ ஒரு நாள், சும்மா இருக்கும்போதே மொத்தமும் மணிமணியாக நொறுங்கிவிடும். ஆகவே கம்பிநாரும் கத்தி முனையும் கண்ணாடி பக்கமே போகக்கூடாது. சூடாக இருக்கும்போது ஈரத்துணி போடக்கூடாது. திறந்த கதவின்மேல் பிரியாணிச் சட்டியை இறக்கி வைக்காதீர்கள்; கீல் வளைந்தால் கதவு சரியாக மூடாது.

16. சுத்தம் செய்ய ஆப்பசோடாவே போதும். மெயினை அணைத்து, ஓவன் நன்றாக ஆறியபின், சோடாவைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கறைமேல் பூசி இரவு முழுக்க விட்டுக் காலையில் துணியால் துடையுங்கள். ஹீட்டர் கம்பிமேலும், கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையத்திலும் படவேண்டாம். சொரசொரப்பான பக்கச் சுவர் கொண்ட மாடல்களில் அந்தச் சுவரைத் தேய்க்கவே கூடாது. நீராவி ஓவன் வைத்திருப்பவர்கள் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். உப்புப் படிந்து அடைக்கும்.

17. உள் விளக்கு போனால் 300 டிகிரி தாங்கும் ஓவன் பல்புதான் போடவேண்டும். சாதாரண எல்.இ.டி. உருகிவிடும்.

18. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் ஓவனில் எதையாவது வைத்துவிட்டு "அஞ்சு நிமிஷம்" என்று படுக்கவேண்டாம். களைத்த உடம்பு எந்த அலாரத்துக்கும் எழாது. வெறுமே மணி அடிப்பதை நம்பாமல், தானாக அணையும் டைமரை வையுங்கள். உங்கள் மாடலில் அது இல்லையென்றால் அடுப்பில் உப்புமா கிண்டிச் சாப்பிட்டுத் தூங்குங்கள்; கம்பெனி பஸ் வரும் நேரத்துக்கு முன் அவசரமாகவும் ஓவனைத் தொடவேண்டாம்.

19. தவழும் பிள்ளை உள்ள வீட்டில் மேடைக்குக் கீழே பதிப்பதைவிட நெஞ்சுயரத்தில் பதிப்பது நல்லது. தரைத்தள வீட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது இந்தப் பக்கத்து முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இங்குள்ளவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெள்ளம் தொட்ட ஓவன் காய்ந்துவிட்டதுபோலத் தெரிந்தாலும் மெக்கானிக் திறந்து பார்க்காமல் ஸ்விட்ச் போடாதீர்கள்.

20. உள்ளே தீப்பிடித்தால் கதவைத் திறக்காதீர்கள். ஸ்விட்சை அணையுங்கள், காற்று கிடைக்காத தீ பெரும்பாலும் அடங்கும். தண்ணீர் ஊற்றவேண்டாம். தீ பெட்டிக்கு வெளியே வந்தாலோ, பலகைக்குப் பின்னாலிருந்து புகை வந்தாலோ எல்லோரையும் வெளியேற்றி 101-ஐ அழையுங்கள். கை சுட்டுவிட்டால் வளையலையும் மோதிரத்தையும் வீங்கும் முன் கழற்றி, குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். டூத்பேஸ்ட், இங்க், இட்லி மாவு எதையும் பூசாதீர்கள். மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்கவேண்டிவரும், காயம் பெரிதாகும். உள்ளங்கை அளவைவிடப் பெரிய காயம், முகம், மூட்டுப் பகுதிக் காயம், குழந்தைக்குப் பட்ட காயம் என்றால் 108. சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

21. இங்கே வாடகை வீடுகள் அதிகம். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். காலி செய்யும்போது ஓவன் கையேட்டையும், எந்த எம்.சி.பி. ஓவனுடையது என்று எழுதி ஒட்டிய ஒரு சீட்டையும் விட்டுச் செல்லுங்கள். வீட்டு உரிமையாளர்களே, புதிதாகக் குடிவருபவரிடம் சாவியைக் கொடுக்கும் முன் ஒருமுறை எலக்ட்ரீஷியனை வரவழைத்து அந்த லைனையும் எர்த்தையும் சோதித்துவிடுங்கள்.