கூண்டு போட்டால் உயிர் தப்புமா?

சிவகாசி–சாத்தூர் சாலையோரப் பட்டறை ஒன்றில், புதிதாக ரோல் கேஜ் எனும் இரும்புக் குழாய்க் கூண்டு வைத்த காருக்குள் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கறுப்புப் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்ததும் காதுக்கு மேலே 'ணங்'கென்று குழாய் இடித்தது. "இனிமே வண்டி உருண்டாலும் கவலையில்ல அண்ணாச்சி" என்றார் காரின் உரிமையாளர். பின்னால் அவருடைய சின்னப் பையன் குழாயைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தான்.

நம்பிக்கை: பந்தயக் காரில் உயிரைக் காப்பது ரோட்டிலும் காக்கும்.

கார் உருளும்போது கூரை நசுங்காமல் கூண்டு தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் அது தனியாக வேலை செய்வதில்லை. ஓட்டுபவர் தலையில் ஹெல்மெட் இருக்கும். தோளையும் இடுப்பையும் பல முனை பெல்ட் இறுக்கிப் பிடித்திருக்கும். தலை படக்கூடிய குழாய்களுக்கு மெத்தை உறையும் உண்டு. நம் காரில் இருப்பது மூன்று முனை பெல்ட். தலையில் எதுவும் இல்லை. விருதுநகர் நான்குவழிச் சாலையில் பக்கவாட்டில் ஒரு லாரி இடித்தால், கண் இமைப்பதற்குள் மண்டை குழாயில் போய் மோதும். வண்டி உருளவே வேண்டாம். காப்பாற்ற வைத்த இரும்பே அடிக்கும். பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கோ கூரை விளிம்பிலிருந்து இறங்குவது. குறுக்கே குழாய் நின்றால் அது சரியாக விரியாது.

நம்பிக்கை: இரும்பு கூடினால் பலம் கூடும்.

இதைப் பட்டாசு ஊர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது எளிது. ஆலையில் எல்லோரையும் ஒரே கோட்டைக்குள் அடைப்பதில்லை. சின்னச் சின்ன அறைகள், நடுவே இடைவெளி, வெளிப்பக்கம் திறக்கும் கதவுகள். விசையை எதிர்த்து நிற்பதைவிட அதற்கு வழிவிடுவதுதான் அங்கே உயிரைக் காக்கிறது. காரின் முன்பக்கமும் அப்படித்தான். அது நசுங்கி விசையை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆள் உட்காரும் அறை மட்டும் குலையாமல் நிற்க வேண்டும். பெலா பாரெனி என்ற பொறியாளர் மெர்சிடஸ் நிறுவனத்தில் 1950களில் வகுத்த வழி இது. கூண்டின் கால்களை முன்சட்டம் வரை நீட்டிப் பற்றவைத்தால் நசுங்க வேண்டிய இடம் விறைத்துவிடும். அதிர்ச்சி முழுக்க நெஞ்சுக்கும் கழுத்துக்கும் வரும். பம்பருக்கு முன்னால் மாட்டும் கிராஷ் கார்டை 2017 டிசம்பரில் மத்திய அரசு தடுத்ததற்கு இதுபோன்ற கவலையும் ஒரு காரணம்.

நம்பிக்கை: மஹிந்திராவின் தார் வண்டியில் கம்பெனியே வைத்திருக்கிறதே!

ஆமாம், 2020இல் வந்த தார் உள்ளேயே ரோல் கேஜோடு வந்தது. ஆனால் உடல், இருக்கை, பெல்ட் எல்லாவற்றோடும் சேர்த்து வடிவமைத்து, மோதிச் சோதித்த வண்டி அது. பந்தய விதியோ கூண்டின் பிரதான வளைவுக்கு 45 மில்லிமீட்டர் குறுக்களவும் 2.5 மில்லிமீட்டர் கனமும் கொண்ட, இணைப்பில்லாத எஃகுக் குழாயைக் கேட்கிறது. தண்ணீர்க் குழாயை வளைத்து மெல்லிய தரைத் தகட்டின்மேல் பற்றவைத்தால், உருளும்போது அதன் கால் தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும். அனுமதியில்லாமல் இப்படி வண்டியை மாற்றினால், மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம்.

பையனை உட்காரவைத்து பெல்ட் போட்டுவிடலாம் என்று பின்சீட்டில் கையை விட்டுத் தேடினேன். பெல்ட் மாட்டும் கொக்கியின் மேலேயே கூண்டின் கால் ஊன்றியிருந்தது.