முகாமில் இராதவன் எழுதிய பெட்டிசம்

1990 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் மயிலிட்டியை விட்டுப் புறப்பட்ட நாங்கள், பின்னாளில் எங்கள் ஊரார் பலர் ஒதுங்கிய கோணாப்புலம் முகாமுக்குப் போகாமல், தொண்டைமானாற்றிலே சின்னம்மா வீட்டு விறாந்தையில் கிடுகுத் தட்டி கட்டிக் குடியிருந்தோம் என்பதொன்றே, கீரிமலை முதல் தொண்டைமானாறு வரை நீண்டிருந்த உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை இழந்த எனக்குத் தற்காலிகக் கொட்டில் தரலாகாது என்பதற்குப் போதிய நியாயமாக ஒரு கந்தோரிலே கருதப்பட்டது. "உறவினர் வீட்டில் இருக்கிறவர் வீடில்லாதவர் அல்லவே, மாஸ்டர்; அதுவும் போதாதென்றால் சந்நிதி முருகன் கோயிலிலே மடங்கள் இருக்கின்றனவே" என்று அங்கிருந்த உத்தியோகத்தர் முறுவலித்தார். அன்னதானக் கந்தனுடைய கிருபையை அரசாங்கத்தின் வரவிலே எழுதுகின்ற அந்தச் சாமர்த்தியத்தை இன்றளவும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

விண்ணப்பத்துக்கு வேண்டிய விதானையாரின் பதிவு, குடும்ப அட்டைப் பிரதி முதலியவற்றை எல்லாரும் அறிவர், அவற்றை விரிக்கேன். காணி உறுதி உங்களிடமும் தகரப் பெட்டிக்குள்ளே இருக்கும்; தேடி எடுங்கள்.

காரியத்தைக் கெடுத்தது வேறொன்று. உலக விவகாரம் தெரிந்தவரென்று குடும்பத்திலே பெயரெடுத்த என் அத்தான், "பெட்டிசம் எழுதிப் பகைக்காதே, பெரிய இடத்துக் கடிதம் ஒன்று எடுத்துத் தருகிறேன்" என்று என்னைத் தடுத்து, மாதக்கணக்கிலே அலைக்கழித்தார். அக்காலமெல்லாம் 'இல்லை' என்ற விடை அதிகாரியின் வாயில் மாத்திரமே இருந்தது. வாயிலே இருக்கும் நிராகரிப்பை எந்த மேலதிகாரியின் முன்னே கொண்டுபோய் வைப்பது? அக்கடிதம் கடைசிவரை வந்து சேரவில்லை. ஆனால் அத்தானுடைய மகனுக்குக் கொட்டிலுக்கான தகரம் வந்து சேர்ந்தது என்பதையும் இங்கே குறித்துவைக்கிறேன்.

பிற்பாடு அந்தக் கந்தோருக்கு நானே எழுதினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஒரு தீர்மானத்தினாலே பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கேட்பாராயின் அதற்கான காரணத்தை எழுத்திலே தரவேண்டுமென்று பொது அதிகார சபைகளைக் கட்டுப்படுத்துகிறது. காரணத்தோடு, தெரிவுப் பிரமாணங்களையும் பயனாளிகள் பட்டியலையும் கேட்டேன். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லவேண்டியவர். வந்த விடை ஒரே வரி: நலன்புரி நிலையத்திலே, அதாவது முகாமிலே, பதியப்படாதவர். அந்த ஒரு வரிக்காகவே காத்திருந்தேன். 1998 இல் ஐக்கிய நாடுகள் சபையிலே முன்வைக்கப்பட்ட உள்ளக இடப்பெயர்வு பற்றிய வழிகாட்டற் கோட்பாடுகள், இடம்பெயர்ந்தவர் யாரென்று வரையறுக்குமிடத்தில் முகாமைப் பற்றி மூச்சும் விடவில்லை என்பதையும், 2016 ஆவணியில் அமைச்சரவை அங்கீகரித்த நிரந்தரத் தீர்வுக்கான தேசியக் கொள்கையையும் எடுத்துக்காட்டி, மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் காரியாலயத்துக்கு முறைப்பாடு அனுப்பினேன்.

இதிலே காலக்கணக்கு முக்கியம். அடிப்படை உரிமை மனுவை, உரிமை மீறல் நிகழ்ந்த ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திலே போடவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடைபெறும் காலம் அக்கணக்கிற் சேராது. அப்புக்காத்துமாருக்குப் பணம் கட்ட இயலாத நம்மவருக்கு இதைவிடப் பெரிய உபகாரம் வேறில்லை. எனக்கு நீதிமன்றம் வரை போக நேரவில்லை. ஆணைக்குழு விளக்கம் கேட்டதும் பட்டியலிலே என் பெயர் ஏறிற்று.

எதையும் பதிவுத்தபாலிலே அனுப்பி, பற்றுச்சீட்டைக் கொப்பியிலே ஒட்டிவையுங்கள். நேரிலே கொடுப்பதானால், தகவல் கோரிக்கைக்கு எழுத்திலே ஏற்புத் தரவேண்டியது தகவல் அலுவலரின் கடமையாதலால், அதை வாங்காமற் கந்தோர்ப் படி இறங்காதீர்கள். அத்தான்மார் வெளியிலே சைக்கிளோடு நின்று அவசரப்படுத்துவார்கள், நிற்கட்டும்.