பழைய பைக்கின் பெட்ரோல் டேங்க்: துரு நீக்கமும் உள்பூச்சும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து வேலைக்காக வெளியூரும் வெளிநாடும் சென்ற தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்களுடைய ஊர் வீட்டின் சாய்ப்பில் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று நிற்பது வழக்கமான காட்சி. அப்பா ஓட்டிய புல்லட்டாகவோ, சித்தப்பா வாங்கிய யெஸ்டியாகவோ அது இருக்கும். விற்க மனம் வராது. ஓட்டவும் ஆள் இருக்காது. விடுமுறைக்கு வந்து டேங்க் மூடியைத் திறந்து பார்த்தால் உள்ளே செங்கல் நிறத்தில் துரு படிந்திருக்கும். "உள்ளே சீலர் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும்" என்று யாராவது சொல்வார்கள். அது எப்போது சரி, எப்போது தவறு என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டேங்கைக் காப்பாற்றுவது ஏன்?

என்ஃபீல்டு புல்லட் 1955 முதல் சென்னையில் உருவாகி வருகிறது. மைசூரின் ஐடியல் ஜாவா ஆலை 1961 முதல் 1996 வரை ஜாவா, யெஸ்டி வண்டிகளைத் தயாரித்தது. யமஹா ஆர்.எக்ஸ். 100 வண்டி 1985 முதல் 1996 வரை வந்தது. இவற்றின் டேங்குகள் எல்லாம் இரும்புத் தகட்டால் ஆனவை. பழைய அளவில் நல்ல டேங்க் கிடைப்பது எளிதல்ல. மேலும், 50 ஆண்டைக் கடந்த இருசக்கர வாகனங்களைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. வண்டி தன் மூல வடிவத்தில் இருக்க வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. ஆகவே பழைய டேங்கைத் தூக்கி எறியும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பது நல்லது.

துரு எங்கிருந்து வருகிறது?

தமிழில் துரும்பு என்றால் அற்பமான ஒரு சிறு பொருள். எல்லைக்கு அப்பால் மலையாளத்தில் இரும்பின் துருவுக்கே துரும்பு என்று பெயர். டேங்கைப் பொறுத்தவரை அதை அற்பமாக எண்ணினால் நட்டம் நமக்குத்தான்.

தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெறும் பகுதி இது. பொழியூர், பூவார் பக்கமாகக் கடலும் அருகில் உள்ளது. காற்றில் ஈரம் எப்போதும் அதிகம். அரைகுறையாக நிரம்பிய டேங்கின் காலியிடத்தில் ஈரக்காற்று நிற்கிறது. இரவில் தகடு குளிரும்போது அந்த ஈரம் துளிகளாகப் படிகிறது. நீர் பெட்ரோலைவிடக் கனமானது. எனவே அது வடிந்து அடியில் தங்குகிறது. வண்டியின் முதுகுச் சட்டத்துக்கு இருபுறமும் டேங்க் இரண்டு மடிகளாகத் தொங்குவதை நாம் அறிவோம். பெட்ரோல் டேப் ஒரு மடியில் மட்டும் உள்ள வண்டியில் மற்ற மடியில் சேர்ந்த நீர் வெளியேற வழியில்லை. ஊசித்துளைகள் பெரும்பாலும் அங்கேதான், அடி இணைப்பின் ஓரத்தில் தோன்றுகின்றன.

இப்போது இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-இல் அறிமுகமாகி, 2025-இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். ஈரம் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் படியும். பல மாதம் ஓடாமல் நிற்கும் வண்டிக்கு இது பெருங்கேடு.

முதலில் பாதுகாப்பு

பெட்ரோல் நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. உள்ளே நிற்கும் ஆவிதான் தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு ஊர்ந்து தூரத்து அடுப்பையும் எட்டும். வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். பீடி, சிகரெட், விளக்கு எதுவும் அருகில் கூடாது. கையுறையும் கண்ணாடியும் அணியுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கழுவாத டேங்கை நேராக வெல்டிங் பட்டறைக்குக் கொண்டு போவது உயிரோடு விளையாடுவதாகும்.

செய்முறை

1. பெட்ரோலை முழுதும் வடித்து, டேங்கைக் கழற்றி, மூடியையும் டேப்பையும் எடுத்துவிடுங்கள். வெளி பெயின்ட் கெடாதிருக்க டேங்கைப் பாலித்தீன் தாளால் சுற்றுங்கள்.

2. சோப்புத் தூள் கலந்த வெந்நீரால் பலமுறை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துரு நீக்கும் கரைசல் தகட்டைத் தொடாது.

3. துளைகளை அடைத்து நீர் நிரப்புங்கள். வெளிப்புற அடியைத் துடைத்துச் சுண்ணாம்புப் பொடி தடவுங்கள். கசியும் இடம் ஈரமாகக் காட்டிக்கொடுக்கும்.

4. செதில் செதிலாகத் துரு இருந்தால் சிறு நட்டுகளை எண்ணிப் போட்டு, சிறிது நீருடன் குலுக்குங்கள். எண்ணிப் போட்டதை எண்ணியே வெளியே எடுக்க வேண்டும்.

5. சிட்ரிக் அமிலம் எனப்படும் எலுமிச்சை உப்பை லிட்டருக்கு 70 கிராம் வீதம் வெந்நீரில் கரைத்து நிரப்புங்கள். 14 லிட்டர் டேங்குக்கு ஏறத்தாழ 1 கிலோ ஆகும். குமிழிகள் வெளியேற வேண்டும் என்பதால் மூடியை இறுக்க வேண்டாம். சில மணிக்கு ஒருமுறை பார்த்து, தகடு சாம்பல் நிறமானதும் கொட்டிவிடுங்கள். ஒரு நாளுக்கு மேல் விட வேண்டாம்.

6. உடனே ஆப்பசோடா கரைத்த நீரால் கழுவி, கடைசியாக வெந்நீர் ஊற்றிக் கொட்டி, சூடான காற்றால் உலர்த்துங்கள். தாமதித்தால் சில நிமிடங்களிலேயே புதுத்துரு படரும்.

கழிவறை கழுவும் ஆசிட் தகட்டையே தின்று துளையைப் பெரிதாக்கும். ரப்பர்ப் பால் உறைய வைக்க நம் தோட்டங்களில் வைத்திருக்கும் ஃபார்மிக் ஆசிட்டும் இந்த வேலைக்கு ஆகாது. அது இரும்பை அரிக்கும், தோலையும் புண்ணாக்கும்.

உள்பூச்சு யாருக்குத் தேவை?

துளையில்லாமல் தகடு சுத்தமாகிவிட்டால் உள்பூச்சே வேண்டாம். உடனே பெட்ரோல் நிரப்பி வண்டியை ஓட்டுவதே சிறந்த காப்பு. ஊசித்துளையும் இணைப்போரக் கசிவும் உள்ள டேங்குக்கே சீலர். பெரிய ஓட்டையை முதலில் அனுபவமுள்ள பட்டறையில் பித்தளைப் பற்று வைத்து அடைக்க வேண்டும். உள்ளே துருவை விட்டுவிட்டு மேலே பூசினால் பூச்சு துருவைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும், தகட்டை அல்ல. ஒருநாள் அது தோலாக உரிந்து டேப்பை அடைக்கும். வண்டி களியக்காவிளைச் சாலையில் லாரிகளுக்கு நடுவே நின்றுபோகும். உரிந்த பூச்சை மீண்டும் சுரண்டி எடுப்பது முதல் வேலையைவிடக் கடினம்.

இரண்டு பொருள்களைக் கலந்து பயன்படுத்தும் எபாக்சி வகையில், எத்தனாலைத் தாங்கும் என்று பெட்டியிலேயே அச்சிட்டதைத் தேர்ந்தெடுங்கள். கடலோரத்தில் படகு வேலைக்குக் கிடைக்கும் சாதாரண ஃபைபர் ரெசினை ஊற்ற வேண்டாம். பாலியெஸ்டர் வகையான அது எத்தனால் பெட்ரோலில் இளகி, கார்புரேட்டர் வரை போய்ப் பிசினாக ஒட்டும். முன்காலத்தில் பூசிய ஷெல்லாக்கும் ஆல்கஹாலில் கரையக்கூடியதே.

டேப், மூடித் துளைகளை அடைத்து, கலந்த சீலரை ஊற்றி, எல்லாப் பக்கமும் படும்படி டேங்கை மெதுவாகப் புரட்டுங்கள். மிஞ்சியதை முழுவதும் வடியுங்கள். அடியில் தேங்கிய கனத்த பூச்சு பின்னால் வெடிக்கும். பெட்டியில் குறித்த நாள்வரை காயவிட்டபின்தான் பெட்ரோல் ஊற்ற வேண்டும். மழைக்காலத்தில் இந்த வேலை வேண்டாம்; நம் பகுதிக்கு ஜனவரி, பிப்ரவரி ஏற்றவை. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் சீலரை முதலில் முடித்துவிடுங்கள்.

ஊரை விட்டுக் கிளம்பும்போது

சில வாரங்களில் திரும்புவதாக இருந்தால் டேங்கை நிரப்பி வைத்துச் செல்லலாம். பல மாதம் ஆகும் என்றால் அந்த முறை இன்றைய பெட்ரோலுக்குப் பொருந்தாது. டேங்கையும் கார்புரேட்டரையும் முழுதும் வடித்துவிடுங்கள். பூச்சில்லாத டேங்க் என்றால் 100 மில்லி எஞ்சின் ஆயிலை உள்ளே ஊற்றிப் புரட்டி, மூடிவையுங்கள். மறுபடி ஓட்டும் முன் சிறிது பெட்ரோலால் அலசிக் கொட்டினால் போதும்.

ஊரில் இருக்கும் பெரியவர்களிடம் "வண்டியை அவ்வப்போது ஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வருகிறோம். அதைவிட, கிளம்பும் நாளில் அரைமணி நேரம் செலவிட்டு டேங்கை வடித்துவிட்டு வருவது மேல். அப்படிச் செய்தால் சீலர் வாங்கும் தேவையே பலருக்கு வராது.