ஒரு பில்லின் பயணம்
கணக்கர் வேலைக்கான பேட்டி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வருஷந்தோறும் வணிகவியல் பட்டத்தோடு கல்லூரியை விட்டு வெளியே வருகிற இளைஞர்களும் யுவதிகளும், முதல் பேட்டிக்கு முந்திய இரவை எவ்விதம் கழிக்கிறார்கள் என்பதைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வந்திருக்கிறேன். நூறு கேள்வியும் நூறு பதிலும் அடங்கிய ஒரு தொகுப்பை எப்படியோ சம்பாதித்துக்கொண்டு, தேய்மானம் என்றால் என்ன, அனாமத்துக் கணக்கு என்றால் என்ன என்று கண்ணை மூடி ஒப்பித்துப் பார்க்கிறார்கள். அவர்களுடைய சிரத்தையை நான் குறைவாக மதிக்கவில்லை. அவ்வளவு சிரத்தையும் தவறான இடத்தில் செலவாகிறதே என்பதுதான் என் வருத்தம். ஆகவே, இந்தப் பேட்டியைப் பற்றி நம்மிடையே வழங்கும் சில அபிப்பிராயங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசீலிக்கலாம் என்று எண்ணுகிறேன். வெறும் உபதேசமாக அது முடிந்துவிடாமல் இருக்க, ஒரு சாதாரண பில்லைத் துணைக்கு வைத்துக்கொள்வோம். மதுரையில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி, அதே ஊர் வியாபாரி ஒருவரிடம், விலை 50,000 ரூபாயும் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகிய 9,000 ரூபாயும் சேர்த்து 59,000 ரூபாய்க்கு, அலுவலக உபயோகத்துக்காக ஒரு கம்ப்யூட்டரைக் கடனுக்கு வாங்குகிறது. இவ்வளவுதான் சங்கதி.

நம்பிக்கை 1: மூன்று பொன்விதிகளை ஒப்பித்துவிட்டால் அடிப்படைக் கேள்விகளைக் கடந்துவிடலாம்.

உண்மை: பெறுபவர் கணக்கில் பற்று, தருபவர் கணக்கில் வரவு, உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு, செலவும் நஷ்டமும் பற்று, வருமானமும் லாபமும் வரவு. இந்த மூன்றையும் அறியாமல் பேட்டிக்கு வருகிறவர் அநேகமாக ஒருவரும் இல்லை; ஆதலால் அனுபவமுள்ள நிர்வாகி விதியைக் கேட்பதில்லை. "வங்கியில் நாம் பணம் கட்டினால் நம் புத்தகத்தில் வங்கிக் கணக்கில் பற்று எழுதுகிறோம், வங்கி அனுப்பும் குறுஞ்செய்தியோ அதே தொகை வரவு வைக்கப்பட்டதாகச் சொல்கிறது, எது சரி?" என்று கேட்கிறார். விதிகளை மடமடவென்று சொன்னவர் இந்த இடத்தில் திகைத்து நின்றதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். இரண்டும் சரிதான், நம் புத்தகத்தில் பெற்றுக்கொண்டது வங்கி, வங்கியின் புத்தகத்தில் தந்தவர் நாம்.

தமிழில் கணக்குப் பதிவியல் படித்தவருக்கு இங்கே விசேஷமான ஓர் இடறலும் உண்டு. வீட்டில் வரவு செலவு என்று சொல்லிப் பழகிய நாம் கைக்கு வந்த பணத்தை வரவு என்கிறோம். பாடப்புத்தகமோ, கைக்கு வந்த ரொக்கத்தை ரொக்கக் கணக்கில் பற்று எழுதச் சொல்கிறது. இந்த முரண்பாட்டைத் தீர்த்துக்கொள்ளாமல் விதியை மட்டும் விழுங்கினவர், பட்டம் வாங்கின பிறகும் எந்தப் பக்கம் எது என்று உள்ளுக்குள் தடுமாறிக்கொண்டே இருப்பார். தெருமுனை மளிகைக் கடையின் பேரேட்டை நினைத்துக்கொண்டால் தடுமாற்றம் தீரும். வாடிக்கைக்காரர் எடுத்துச் சென்ற அரிசியும் பருப்பும் அவர் பேரில் பற்று. மாத முதல் தேதியில் அவர் கொண்டுவந்து கொடுத்த பணம் அவர் பேரில் வரவு. இனி ரொக்கப் பெட்டியையும் அப்படியே ஓர் ஆளாகப் பாவித்துப் பாருங்கள். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டது பெட்டி; அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டதும் பெட்டி; ஆகையால் அதன் பேரில் பற்று. நம்முடைய பில்லில் கம்ப்யூட்டர்க் கணக்கு 50,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளத்தக்க உள்ளீட்டு வரிக் கணக்கு, மத்திய ஜி.எஸ்.டி. 4,500, மாநில ஜி.எஸ்.டி. 4,500 என்று 9,000 ரூபாய்க்குப் பதில் சொல்ல வேண்டும். பொருளைத் தந்த வியாபாரியின் பேரில் 59,000 ரூபாய் வரவு. இதை நிதானமாகத் தம் சொந்த வார்த்தைகளில் விளக்கக்கூடியவருக்கு விதிகளை ஒப்பிக்க வேண்டிய அவசியமே நேராது.

நம்பிக்கை 2: இருப்பாய்வு சமமாகிவிட்டால் கணக்கு சரியாகிவிட்டது.

உண்மை: வெனிஸ் வர்த்தகர்கள் கையாண்டுவந்த இரட்டைப் பதிவு முறையை 1494-ஆம் ஆண்டில் அச்சிட்ட நூலில் விவரித்துத் தந்த லூக்கா பாச்சோலி என்னும் பாதிரியார் காலந்தொட்டு, இரு பக்கமும் சமமாவது கணக்கருக்கு ஆறுதலாக இருந்து வந்திருக்கிறது. ஆனால் அந்த ஆறுதல் ஓர் எல்லைக்கு உட்பட்டது. மேற்சொன்ன 50,000 ரூபாயைக் கம்ப்யூட்டர்க் கணக்கில் எழுதாமல், விற்பதற்கு வாங்கிய துணியோடு சேர்த்துக் கொள்முதல் கணக்கில் எழுதிவிட்டோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருப்பாய்வு ஒரு பைசா வித்தியாசமின்றிச் சமமாகவே நிற்கும்; ஆனால் மொத்த லாபம் 50,000 ரூபாய் குறைந்து காணும், சொத்தும் அவ்வளவு குறைந்து காணும். இது விதிப்பிழை. பில்லையே எழுதாமல் விட்டால் விடுபிழை. ஒரு தவறு இன்னொரு தவறை மறைத்தால் ஈடுசெய் பிழை. இவற்றுள் எதையும் இருப்பாய்வு காட்டிக்கொடுக்காது.

சமமாகாமல் வித்தியாசம் நிற்கும்போது அதை எப்படித் தேடுவது என்பதும் நிர்வாகிகள் விரும்பிக் கேட்கும் கேள்வி. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், இலக்கங்கள் இடம் மாறியிருக்கக்கூடும் என்பது பழைய கணக்குப்பிள்ளைகளின் கைமுறை. 59,000 என்பதை 95,000 என்று எழுதினால் வித்தியாசம் 36,000, அதாவது ஒன்பது நாலாயிரம். 350 ரூபாய் இறக்குகூலியைப் பற்றுப் பக்கத்துக்குப் பதிலாக வரவுப் பக்கத்தில் சேர்த்துவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகி 700 என்று நிற்கும். ஆகையால் வித்தியாசத்தைப் பாதியாக்கி அந்தத் தொகையைத் தேட வேண்டும். மென்பொருள் இரு பக்கமும் சமமில்லாத பதிவை ஏற்பதில்லை என்பதற்காக இந்த அறிவு காலாவதியாகிவிடவில்லை. வியாபாரி அனுப்பும் கணக்கு விவரத்தையும் வங்கி அனுப்பும் விவரத்தையும் நம் புத்தகத்தோடு ஒப்பிடும்போது, அது ஒவ்வொரு மாதமும் கைகொடுக்கிறது.

நம்பிக்கை 3: டாலி என்னும் கணக்கு மென்பொருள் தெரிந்தால் கணக்கு தெரியும்.

உண்மை: எஃப் 5 அழுத்தினால் பணம் செலுத்தும் வவுச்சர், எஃப் 6 அழுத்தினால் பெறும் வவுச்சர், எஃப் 7 குறிப்பேடு, எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல் என்பதை ஒரு வாரத்தில் பழகிக்கொள்ளலாம். ஆனால் எந்த விசையை அழுத்தினாலும், எந்தப் பேரேட்டுக் கணக்கைத் தேர்ந்தெடுப்பது என்பதைத் தீர்மானிக்கிற பொறுப்பு மனிதருடையது. கொள்முதல் கணக்கில் கம்ப்யூட்டரை எழுதினால் மென்பொருள் ஆட்சேபிக்காது. அதைச் சொத்தாக எழுதினவருக்கும் வேலை அத்துடன் முடிவதில்லை. 2013-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை கம்ப்யூட்டருக்கு மூன்று ஆண்டு ஆயுளைக் குறித்திருப்பதால், அந்த ஆயுளுக்குள் தேய்மானம் எழுத வேண்டும். உள்ளீட்டு வரியைக் கழித்துக்கொண்ட பிறகு, அந்த 9,000 ரூபாயைச் சொத்தின் விலையோடு சேர்த்துத் தேய்மானமும் கோரக் கூடாது. மேலும், 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் உபயோகிக்கும் கணக்கு மென்பொருளில், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிவு செய்யும் வசதி இருந்தாக வேண்டும். அதை நிறுத்தி வைக்கவும் இயலாது. பிழையைச் சுவடின்றி அழித்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு இனி இடமில்லை. 'தவறாகப் பதிந்த ஒன்றை எப்படித் திருத்துவீர்கள்?' என்ற கேள்விக்கு, விசையின் பெயரைச் சொல்லாமல் திருத்தப் பதிவையும் அதன் காரணத்தையும் சொல்லுகிறவரே மென்பொருளையும் அறிந்தவராகிறார்.

நம்பிக்கை 4: சட்டப் பிரிவு எண்களையும் வரி விகிதங்களையும் நெட்டுருப் போட வேண்டும்.

உண்மை: வருமான வரிப் பிடித்தத்தில் (டி.டி.எஸ்.) ஒப்பந்தக்காரருக்கு 194சி, தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே என்று தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டு வந்த எண்கள், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குரியதாகிய 2025-ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 393 என்னும் ஒரே பிரிவுக்குள் அடங்கிவிட்டன. பல பொருள்களின் ஜி.எஸ்.டி. விகிதங்கள் 2025 செப்டம்பர் 22 அன்று மாறின. எண்கள் மாறும்; ஏன் பிடித்தம் செய்கிறோம், யாரிடம் பிடிக்கிறோம், என்றைக்குள் கட்டுகிறோம் என்ற அறிவு நிலைக்கும். ஆதலால் மாதத்தின் நாட்காட்டியை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். முந்திய மாதம் பிடித்த டி.டி.எஸ்.ஸைக் கட்ட 7-ஆம் தேதி, மார்ச் மாதத்தியதற்கு மட்டும் ஏப்ரல் 30; மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு விற்பனையைக் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1 அறிக்கைக்கு 11-ஆம் தேதி; வருங்கால வைப்பு நிதிக்கும் இ.எஸ்.ஐ.க்கும் 15-ஆம் தேதி; ஜி.எஸ்.டி.ஆர்-3பி 20-ஆம் தேதி. நம்முடைய பில்லும் இந்த நாட்காட்டிக்குள் வந்து சேர்கிறது. விற்ற வியாபாரி தம் அறிக்கையில் அதைக் காட்டி, அது நம்முடைய உள்ளீட்டு வரி விவரமாகிய ஜி.எஸ்.டி.ஆர்-2பியில் தோன்றினாலன்றி அந்த 9,000 ரூபாயை நாம் கழித்துக்கொள்ள இயலாது. பில் கையில் இருந்தும் கழிவு கிடைக்காமற்போகும் இந்தச் சந்தர்ப்பத்தை விளக்கத் தெரிந்தவரை எந்த நிர்வாகியும் கவனிக்காமல் விடமாட்டார்.

நம்பிக்கை 5: தெரியாது என்று சொல்லிவிட்டால் வேலை போய்விடும்.

உண்மை: இதுதான் எல்லாவற்றிலும் அபாயகரமான நம்பிக்கை. தெரியாத விகிதத்தைத் துணிந்து ஊகித்துச் சொல்லுகிறவர், நாளை நம் புத்தகத்திலும் தெரியாத தொகையை ஊகித்து எழுதுவார் என்று எதிரில் இருப்பவர் நினைப்பது நியாயமே. "இந்த விகிதம் இப்போது ஞாபகத்தில் இல்லை, துறையின் அறிவிப்பைப் பார்த்து, பில்லோடு ஒப்பிட்டு எழுதுவேன்" என்று சொல்லுகிறவரோ தம்முடைய தொழில் ஒழுக்கத்தையே அந்த ஒரு வாக்கியத்தில் காட்டிவிடுகிறார். ஆதாரமில்லாத எண் எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதற்கு நம் தேசத்திலேயே சாட்சி உண்டு. 2009 ஜனவரி 7 அன்று ஹைதராபாத்தின் சத்யம் கம்ப்யூட்டர் சர்வீசஸ் கம்பெனியின் தலைவர் ராமலிங்க ராஜு, கம்பெனியின் கையிருப்பும் வங்கி இருப்புமாகக் காட்டப்பட்டதில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லாதது என்று தம் கடிதத்தில் ஒப்புக்கொண்டார். வங்கி இருப்பை எப்படி உறுதி செய்வீர்கள் என்று இன்று ஒரு பேட்டியில் கேட்கப்பட்டால், வங்கியிடமிருந்து நேராகப் பெற்ற விவரத்தோடு ஒப்பிட்டு, கொடுத்தும் இன்னும் பணமாகாத காசோலைகளையும் நம் புத்தகத்தில் ஏறாத வங்கிக் கட்டணங்களையும் சரிகட்டும் பட்டியலில் காட்டுவேன் என்பதே பதில். அந்தப் பட்டியல் பரீட்சைக்கான ஒரு கணக்கு என்று எண்ணிப் படித்தவருக்கு அதன் கௌரவம் புரிந்திருக்காது.

நம்பிக்கை 6: முன்பு வேலை பார்த்த இடத்தின் விற்பனையையும் லாபத்தையும் எடுத்துச் சொன்னால் அனுபவம் புலப்படும்.

உண்மை: புலப்படுவது அனுபவமன்று, ரகசியம் காக்கத் தெரியாத சுபாவம். செய்த வேலையைச் சொல்லுங்கள்; அவர்களுடைய எண்களைச் சொல்லாதீர்கள்.

நம்பிக்கை 7: அனுபவமில்லாதவரிடம் காட்டுவதற்கு ஒன்றுமில்லை.

உண்மை: வேலைக்குப் போகாதவர் வீட்டிலும் கணக்கு நடந்துகொண்டுதான் இருக்கிறது. தகப்பனாரின் கடைக்கோ, வீட்டுச் செலவுக்கோ மூன்று மாதம் ரொக்க ஏடும் பேரேடும் எழுதி, மாத முடிவில் வங்கி விவரத்தோடு ஒப்பிட்டு, நின்ற வித்தியாசத்தைக் கண்டுபிடித்துப் பாருங்கள். தாயார் கைபேசியில் அனுப்பிய பால் பணம் ஏட்டில் ஏறாமல் விட்டுப்போனதைத் தேடிக் கண்ட ஒருவர், சரிகட்டும் பட்டியலைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் தானாகவே ஒரு தெளிவு வரும். அந்த ஏட்டைப் பேட்டிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். அதை எழுதின பழக்கம் கூடவே வரும்.

ஆகவே அந்த முந்திய இரவில் நூறு பதில்களை மூடி வைத்துவிட்டு, வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு பில்லை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். அது எந்தக் குறிப்பேட்டுப் பதிவாகிறது, எந்தப் பேரேட்டுக்குப் போகிறது, அதன் வரி எந்தத் தேதியில் எந்த அறிக்கையில் தோன்றுகிறது, ஆண்டு முடிவில் அது செலவாகக் கரைகிறதா, சொத்தாக ஐந்தொகையில் நிற்கிறதா என்று கடைசிவரை பின்தொடர்ந்து செல்லுங்கள். வழியில் எங்கே நின்றுபோகிறீர்களோ, அந்த இடத்தை மட்டும் புத்தகத்தைத் திறந்து படியுங்கள். மறுநாள் காலையில் எதிரில் இருப்பவர் எந்தக் கேள்வியைக் கேட்டாலும், அது அந்த வழியில் ஏதோ ஒரு கட்டமாகத்தான் இருக்கும். அதற்கு முன்னும் பின்னும் என்ன வரும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.